அசெம்பிள் கணினி: சூடு, பழுது, வாரன்டி

பிராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஹீட்சிங்க் அதை வாங்கிக்கொள்ள, ஃபேன் காற்றில் கலக்க, கேபினெட் வெளியே தள்ள வேண்டும். இதில் எந்த இடத்தில் தடை வந்தாலும் சூடு ஏறும். இன்டெல் பிராசசர்களுக்கு வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். ஆனால் முழு வேலையில் 95-ஐத் தொடுவது ரைசன் 7000-இன் வடிவமைப்பிலேயே உள்ளது, அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது: கூலரின் அடியில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், எல்லாமே உள்நோக்கிப் பூட்டிய ஃபேன்கள், மேசையின் மூடிய அறைக்குள் திணித்த கேபினெட். முன்பக்கம் காற்று நுழைந்து, பின்னும் மேலும் வெளியேற வேண்டும். தூசி ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது எர்த்.

எல்லாப் பழுதுக்கும் சூட்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறியதால் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டதோடு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. பயாஸ் புதுப்பிப்பு வழியாக வரும் அந்தத் திருத்தம் மேற்கொண்டு சேதத்தைத் தடுக்குமே தவிர, கெட்டுப்போன பிராசசரைச் சரிசெய்யாது. அதை மாற்றித்தான் வாங்க வேண்டும்.

இங்கேதான் அசெம்பிள் கணினியின் சிக்கல். கம்பெனிக் கணினிக்குப் பொறுப்பாளி ஒருவரே. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கியதற்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரன்டி, தனிக் காலம். எனவே ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கும்படி கேட்டு வாங்க வேண்டும். பில் இல்லாமல் சில நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னால், அது லாபமே அல்ல. சாக்கெட்டில் வளைந்த பின் போன்ற சேதங்கள் வாரன்டியில் சேராது. பூட்டும் முன் படம் எடுத்து வைப்பது பின்னால் உதவும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிறர் தயாரித்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டுபவரையும் உற்பத்தியாளர் என்றே வரையறுக்கிறது. கடைக்காரர் பூட்டித் தந்த கணினியின் குறைபாட்டால் காயமோ வேறு பொருளுக்குச் சேதமோ நேர்ந்தால், அவரிடமும் இழப்பீடு கேட்கலாம். வீட்டிலேயே பூட்டியவருக்கு இந்தப் பிடி இல்லை. பாகத்தைத் தயாரித்தவரும் விற்றவரும் மட்டுமே எதிர்த்தரப்பு.

வாரன்டியை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறைபாட்டைச் சோதித்தே அறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், அதற்கான கட்டணத்தை மனுதாரர் கட்ட வேண்டிவரும். ஆகவே எரிந்த பாகத்தை வேறு கடையில் பிரிக்கக் கொடுப்பதும், காயலான் கடையில் போடுவதும் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்வதாகும்.