கிறிஸ்துமஸுக்குப் புதுக்கிழங்கு

பிரிட்டனில் வீட்டுத்தோட்டம் போடுபவர்கள் சிலர் ஆகஸ்டில் மறுபடியும் உருளைக்கிழங்கு நடுவார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புதுக்கிழங்கு வேண்டும் என்பதுதான் காரணம். அப்போதுதான் தோண்டிய கிழங்கு பல வாரம் முளைக்காமல் உறங்கும். ஆகவே, குளிர்பதனத்தில் வைத்திருந்த விதைக்கிழங்கைத்தான் வாங்க வேண்டும். 'சார்லட்', 'மாரிஸ் பீர்' இதற்கு ஏற்ற ரகங்கள்.

தொட்டியில் மட்கு கலந்த மண்ணில் நட்டு, தண்டு உயர உயர மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். அதில் சேரும் சோலனைன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஈரமான இலையுதிர்காலத்தில் கருகல் நோய்தான் பெரிய எதிரி. இலையில் பழுப்புத் திட்டும் அடியில் வெண்பூஞ்சையும் தெரிந்தால், தயங்காமல் தண்டை வெட்டிவிடுவதே நல்லது.

உறைபனிக்கு முன் தொட்டியைக் கண்ணாடிக்குடிலுக்குள் நகர்த்த வேண்டும். இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கை மண்ணிலேயே விட்டு வேண்டியபோது தோண்டலாம். விளைச்சல் கோடைப்போகத்தைவிடக் குறைவுதான்.