தற்காப்பின் எல்லை

எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை அறங்களுள் தலையாயது. ஆயினும், தீயோன் ஒருவன் கோல் ஓங்கி வரும்போது, அறவழி நிற்போன் கைகட்டி நின்று அடிபட வேண்டுமோ? கண்ணெதிரே ஒரு குழந்தை தாக்கப்படின், வாளா இருத்தல் அறமாகுமோ?

திருவள்ளுவர் அறத்துப்பாலில் ‘இன்னா செய்யாமை’ என்னும் அதிகாரத்தை வகுத்தார். பொருட்பாலில் ‘அரண்’ என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். இவை தம்முள் முரணியவை அல்ல. அரண் எவர்மீதும் படையெடுத்துச் செல்வதில்லை. வரும் பகையைத் தடுத்து, உள்ளிருப்போரைக் காக்கின்றது. தற்காப்பின் இயல்பும் அதுவே.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வுரிமையை ஏற்றுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதனைப் பதினொரு பிரிவுகளில் விளக்கியது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதனைக் கூறுகின்றன. தன் உயிரையேயன்றிப் பிறர் உயிரைக் காக்கவும் சட்டம் இடந்தருகின்றது.

எனினும், இவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு. உடலுக்குத் தீங்கு நேரும் என்னும் தக்க அச்சம் தோன்றும்போது உரிமை பிறக்கின்றது. அவ்வச்சம் நீங்கியதும் முடிகின்றது. காத்தற்கு வேண்டிய அளவினும் மிகுதியாகத் தீங்கு செய்தல் கூடாது. அரசின் காவலை நாடப் போதிய காலம் இருப்பின், நாமே கை ஓங்குதல் ஆகாது.

தாக்க வந்தவனிடமிருந்து கோலைப் பறிப்பது தற்காப்பு. கோலை இழந்து ஓடுபவனைத் துரத்திச் சென்று, அக்கோலாலேயே அடிப்பது பழிவாங்கல். கோல் ஒன்றே, ஆயினும் காத்தவன் அங்கே தாக்குபவனாக மாறிவிடுகின்றான்.

நாடுகளுக்கும் இவ்வறம் பொருந்தும். 1945ஆம் ஆண்டில் உருவான ஐக்கிய நாடுகள் சாசனம், ஒரு நாடு பிற நாட்டின்மீது படைவலியைப் பயன்படுத்துவதை விலக்குகின்றது. படைத்தாக்குதலுக்கு உள்ளான நாடு தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை அதன் 51ஆம் பிரிவு ஏற்கின்றது.

ஆனால், தாக்குவோரும் தற்காப்பு என்னும் போர்வையைப் போர்த்துக்கொள்வதுண்டு. 1939 செப்டம்பர் 1ஆம் நாள் போலந்தின்மீது படையெடுத்த இட்லர், போலந்து வீரர்களே முதலில் சுட்டனர் என்று கூறினார். அது பொய் என்பதைப் பின்னர் உலகம் அறிந்தது.

ஆதலின் மாணவர்களே, தற்காப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் அதனை நம்பிவிடுதல் ஆகாது. முதலில் தாக்கியவர் யார், ஆபத்து இன்னும் உள்ளதா, எதிர்ப்பு அளவோடு நின்றதா என்று ஆராய்தல் வேண்டும். பிறரை நோக்கி இவ்வினாக்களைக் கேட்பதினும், சினம் மூண்ட வேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்வது அரிது. அதுவே மிகவும் இன்றியமையாதது.