ஒரே சர்வரில் ஒண்டுக்குடித்தனம்

மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர். 2 ஜிபி ரேம், ஒரே ஒரு ஐபி முகவரி. ஜவுளிக்கடையின் இணையதளம், பள்ளிக் கட்டணம் வசூலிக்கும் செயலி, ஒரு வேர்ட்பிரஸ் தளம் மூன்றும் இதில்தான் ஓட வேண்டும். மூன்று பெயர்களில் எதைத் தட்டினாலும் டிஎன்எஸ் இதே முகவரிக்கு அனுப்பிவிடும். வந்து நிற்கும் கோரிக்கை யாருக்கானது என்று சர்வர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் ஹெச்டிடிபி. 1996-ல் ஆவணமான அதன் 1.0 பதிப்பு இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று பிரவுசர் கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் தளத்துக்கு ஒரு ஐபி என்று செலவழித்தார்கள். மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், கட்டுப்படியாகுமா? 1997-ல் வந்த 1.1, தளத்தின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' என்ற ஒற்றை வரியைக் கட்டாயமாக்கியது. ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு வரும் கடிதத்தில் கதவு எண்ணோடு ஆள் பெயரும் இருந்தே தீர வேண்டும் என்றதுபோல.

அந்த வரியைப் படித்துப் பிரித்துக் கொடுப்பது என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருளின் வேலை. ரஷ்யரான இகோர் சிசோயெவ் எழுதி 2004-ல் வெளியிட்டது இது. 80, 443 என்ற வாசல் எண்களில் (போர்ட்) இது மட்டுமே காத்திருக்கும். செயலிகள் உள்ளே 3000, 8000 என்று ஆளுக்கொரு போர்ட்டில் இருக்கும். செயலி செத்துக் கிடந்தால் வருகிறவருக்கு 502 என்ற பிழைச் செய்தி கிடைக்கும். பெயர் எதற்கும் பொருந்தாவிட்டால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, பட்டியலில் முதலாவதாக உள்ள தளத்தைக் காட்டிவிடும். பள்ளித் தளத்தின் பெயரை அமைப்புக் கோப்பில் தப்பாக எழுதினால் பட்டுப்புடவை தெரிவது இதனால்தான்.

ஹெச்டிடிபிஎஸ்ஸில் ஒரு சிக்கல். ஹோஸ்ட் வரியும் பூட்டிய உறைக்குள் வருகிறது. அதைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தளத்துக்கான சான்றிதழைச் சர்வர் நீட்டியாக வேண்டும். கைகுலுக்கும்போதே பெயரைச் சொல்லிவிடும் எஸ்என்ஐ முறை 2003-ல் வகுக்கப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசிவரை புரியவில்லை. எனவே தனி ஐபி வாங்கும் செலவு பல ஆண்டுகள் தொடர்ந்தது.

பெயர் பிரிப்பதுகூடச் சுலபம். ரேமைப் பங்கு பிரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேர்ட்பிரஸ் திடீரென்று வீங்கி ரேம் தீர்ந்துவிட்டால், லினக்ஸ் கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும். குற்றவாளி யார் என்று அது விசாரிப்பதில்லை. நிறைய ரேம் வைத்திருப்பவர் யார் என்றே பார்க்கும். பெரும்பாலும் சிக்குவது மூன்றுக்கும் பொதுவான, ஒரு பாவமும் அறியாத டேட்டாபேஸ். மூன்று தளங்களும் சேர்ந்து படுத்துவிடும்.

இதைத் தடுக்கும் வசதி 2008 முதல் கெர்னலிலேயே இருக்கிறது: சிகுரூப். செயலிகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் கோப்பில் செயலிக்கு 500 எம்பி என்று ஒரு வரி போட்டால், அதைத் தாண்டும் செயலி மட்டும் சாகும். இன்னொரு வரி அதை உடனே எழுப்பிவிடும். அதே கோப்பில் ஒவ்வொரு செயலிக்கும் தனி யூசரையும் கொடுத்துவிடுவது நல்லது. வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக நுழைந்தவன் பள்ளியின் பாஸ்வேர்டு கோப்பைத் திறக்கப் பார்த்தால், அனுமதி இல்லை என்று லினக்ஸே விரட்டிவிடும். மூன்று தளங்களுக்கு இவ்வளவு போதும். செயலிகளைத் தனித்தனிப் பெட்டியில் அடைக்கும் டாக்கர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.