மழையில் ஒரு நெடுந்தூர ஓட்டம்

நெடுந்தூரம் ஓடுவோருக்கு வெயிலே பகை என்று நான் எண்ணியிருந்தேன். மாணவப் பருவத்தில் உதகை மழையில் ஓடினேன். தொடக்கத்திலேயே விரைந்து களைத்தேன், பின்னர் நடந்தேன், நடுக்கம் மிகுந்து, பற்கள் கிட்டி, நின்றுவிட்டேன். காரணம் பின்னரே விளங்கிற்று.

ஓடும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. நனைந்த ஆடையும் வீசும் காற்றும் அதனைக் கவர்ந்து செல்கின்றன. களைத்து வேகம் தளர்ந்தால் வெப்பம் பிறப்பது குறைகிறது, இழப்போ குறைவதில்லை. உள்ளுடல் வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஊறு நேரலாம்.

2018 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டம் கொட்டும் மழையிலும் கடும் எதிர்க்காற்றிலும் நடைபெற்றது. தூரம் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெயர்பெற்றோர் பலர் இடையிலேயே விலகினர். டெசிரே லிண்டன் என்ற வீராங்கனையும் விலகிவிடவே நினைத்தார். அதற்குமுன் சக வீராங்கனை ஷலேன் ஃபிளனகனுக்கேனும் உதவுவோம் என்று, அவர் பின்தங்கியபோது காத்திருந்து உடன் ஓடினார். பிறர் தளர, லிண்டன் முன்னேறினார். மேற்சட்டையைக் கழற்றாமலே ஓடி, 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் மகளிருள் முதல்வரானார்.

மாணவ நண்பர்களே! மழையில் ஓட நேர்ந்தால், தொடக்கத்தில் வலிமையைச் சேமியுங்கள், உடற்சூட்டைக் காத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் அடங்காமல், நாக் குழறினால் உடனே நின்று உதவி நாடுங்கள். அன்று நான் விரைந்ததுதான் பிழை, நின்றது பிழையன்று.