சொல்லும் ஒரு தீக்குச்சியே!

கோவில்பட்டி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தீப்பெட்டி புதிய பொருளன்று. நம்மில் பலருடைய அன்னையர் தீப்பெட்டி ஆபீசில் உழைத்தே நம்மைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டுக் கலந்த மருந்து இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசு பூசப்பட்டிருக்கிறது. இரண்டும் உரசினால்தான் நெருப்பு உண்டாகும். அந்த ஒரு குச்சி பீடத்து மெழுகுதிரியையும் ஏற்றும். சோளத்தட்டைப் படப்பையும் சாம்பலாக்கும். நாவும் அத்தகையதே என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் நம்மை எச்சரிக்கிறார்.

பிறர் பொருளைத் திருடினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிறோம். உடன் படிக்கும் தோழியை "மக்கு" என்று அழைத்ததை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? அந்தச் சொல்லைக் கேட்ட சிறுமி மறுநாள் விடை தெரிந்திருந்தும் கையை உயர்த்துவதில்லை. நாம் அவளிடமிருந்து திருடியது ஒரு பென்சிலை அன்று, அவளுடைய துணிவை!

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். நம் கரிசல் கிராமங்களில் காட்டு வேலைக்கு வந்த நரைத்த பெரியவரை, அவருடைய பிறப்பைக் காரணமாக்கி, பள்ளிச் சிறுவரும் "வா, போ" என்று அழைத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதன் மிச்சம் இன்றும் நம் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையா? "நீ" என்பது தீய சொல் அன்று. அம்மாவை "நீ" என்கிறோம். தோழியை "நீ" என்கிறோம். அங்கே அது அன்பு. ஆனால் நாம் "நீ" என்றழைக்கும் பெரியவர் நம்மைத் திருப்பி "நீ" என்றழைக்க அஞ்சுவாரானால், அங்கே அது அன்பு அன்று, அவமதிப்பே. நம் சொல்லை உரைத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

எரிகோ நகருக்கு அருகே வழியோரத்தில் பர்த்திமேயு கூவியழைத்தபோது, கூட்டத்தார் அவரை அதட்டி வாயை மூடச் சொன்னார்கள். ஆண்டவர் இயேசுவோ நின்று, அவரை அழைக்கச் செய்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பார்வை அளிக்குமுன்பே மதிப்பை அளித்துவிட்டார்! பழைய மொழிபெயர்ப்புகளில் "குருடன்" என்றிருந்த அவரை, 1995-ல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு "பார்வையற்றவர்" என்று குறிக்கிறது. "இருந்தான்" என்பது "இருந்தார்" ஆயிற்று. மாறியவை சில எழுத்துகள்தாம். உயர்ந்ததோ ஒரு மனிதரின் மாண்பு.

சொல்லுக்கா நம்மிடம் பஞ்சம்? நமக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். ஒரு பொருளுக்கு எத்தனை சொற்கள் உண்டு என்பதைக் காட்டவே அதில் ஒரு பகுதியை ஒதுக்கினார். அயல்நாட்டுத் துறவி ஒருவர் இத்தனை சொற்களைத் தேடி எடுத்தார் என்றால், தாய்மொழியாகப் பெற்ற நாம் ஒரு நல்ல சொல்லைத் தேடக்கூடாதா?

இன்சொல் என்பது முகத்துதி அன்று. தவற்றைத் திருத்தத்தான் வேண்டும். "நீ மக்கு" என்பது ஆளைச் சுடும். "இந்தக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்" என்பது தவற்றை மட்டும் திருத்தும். பள்ளி வளாகத்தைக் கூட்டும் அக்காவை "ஏய்" என்னாமல் "அக்கா, வாங்க" என்போம். வீட்டில் தம்பியைச் "சனியனே" என்னாமல் பெயர் சொல்லி அழைப்போம். தவக்காலத்தில் உணவில் ஒன்றைக் குறைக்கும்போது, சுடுசொல் ஒன்றையும் விட்டுவிடுவோம். தவறிச் சொல்லிவிட்டால், அன்று பொழுது சாயுமுன் மன்னிப்புக் கேட்போம்.

பெற்றோரும் இதில் துணை நிற்க வேண்டும். வீட்டில் கேட்கும் சொல்லே பள்ளியில் ஒலிக்கிறது அன்றோ!

நம் ஊர்த் தீப்பெட்டிகள் எத்தனையோ இல்லங்களில் விளக்கேற்றுகின்றன. நம் சொற்களும் அவ்வாறே ஏற்றட்டும்!