திரையில் மயில் நீலம்... தாளில் கத்தரிப்பூ!

குட்டீஸ், முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டில் இருக்கும் நாளிதழில் வண்ணப்படம் உள்ள பக்கம் ஒன்றை எடுத்து, அதன் ஓரங்களை உற்றுப் பாருங்கள். வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு குட்டிப் பொட்டுகள் இருக்கும். பல நாளிதழ்களில் இதைப் பார்க்கலாம். கிடைத்ததா? இனி அதே பக்கத்துப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படம் காணாமல் போய், அந்த நாலு நிறத்தில் வெறும் புள்ளிகளாகத் தெரியும்!

இந்த நாலு நிறத்தின் கதை தெரியாமல் நானும் என் மாணவன் ஒருவனும் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

காஞ்சிபுரத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது, 2009-ல் எங்கள் பள்ளியில் ஆண்டு மலர் போட முடிவு செய்தோம். பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்து ரூபாய் வசூலித்தோம். அட்டைப்படத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கம்ப்யூட்டரில் வரைந்தான். அவன் அப்பா பட்டு நெசவாளர். படத்தில் ஒரு தறி, தறியில் பாதி நெய்த சேலை. சேலைக்குப் பளீரென்று மயில் நீலம். திரையில் பார்த்தால் அப்படி ஒரு ஜொலிப்பு!

அச்சாகி வந்த கட்டைப் பிரித்தோம். முந்நூறு பிரதியிலும் சேலை கத்தரிப்பூ நிறம்! அட்டையில் இருந்த சின்ன எழுத்துகளும் நிழல் தட்டினாற்போல இரண்டிரண்டாகத் தெரிந்தன.

“டீச்சர், நான் போட்ட கலர் இது இல்லை” என்றான் பையன். அப்புறம் பேசவே இல்லை. வீட்டுக்கு ஒரு பிரதிகூட எடுத்துப் போகவில்லை. திரும்ப அச்சடிக்கப் பணத்துக்கு எங்கே போவது? அச்சகத்தார் மீதும் தப்பு இல்லை. நாங்கள் கொடுத்ததைத்தான் அவர்கள் அடித்தார்கள்.

சரி, நீலம் ஏன் நிறம் மாறியது?

கம்ப்யூட்டர் திரை என்பது விளக்கு மாதிரி. அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை 256 படிகள். பெருக்கிப் பாருங்கள், ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேல் நிறங்கள் வரும்! மூன்று ஒளியும் முழுதாகச் சேர்ந்தால் வெள்ளை.

தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்கிவிடுகிறது, மீதிதான் நம் கண்ணுக்கு வருகிறது. சியான் எனும் வெளிர்நீல மை சிவப்பு ஒளியை விழுங்கும். மெஜந்தா பச்சையை விழுங்கும். மஞ்சள் மை நீலத்தை விழுங்கும். மைமேல் மை ஏற ஏற நிறம் இருண்டுகொண்டே போகும். அதனால் திரையின் பளபளப்பான நிறங்கள் பலவற்றை இந்த மைகளால் கொண்டுவரவே முடியாது. அதிலும் நீலம் ரொம்பப் பொல்லாதது! சியானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். ஆனால் இரண்டும் சரிக்குச் சரி சேர்ந்தால் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் சேலைக்கு நேர்ந்தது அதுதான்.

புள்ளிகள் எப்படிப் படமாகின்றன என்று கேட்கிறீர்களா? காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை. ‘மயில் கழுத்து’ நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நூல்கள் கலப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. கலப்பது நம் கண்! அச்சுப் புள்ளியும் அப்படித்தான்.

அந்தச் சின்ன எழுத்துகளின் கதை வேறு. நாலு நிறத்துக்கும் தனித்தனி பிளேட். தாள் நாலு முறை மை வாங்குகிறது. நாங்கள் எழுத்தின் கறுப்பை நாலு மையும் கலந்த கறுப்பாகக் கொடுத்துவிட்டோம். மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகிவிடும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும்.

ஒரு வாரம் கழித்துப் பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். மலரைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். “நாங்க முதல்ல கொஞ்சம் நூலை மட்டும் நனைச்சு, காய வச்சுப் பார்ப்போம் டீச்சர். ஈரத்துல ஒரு நிறம், காய்ஞ்சா ஒரு நிறம். எடுத்தவுடனே மொத்தப் பட்டையும் சாயத்துல போடுவோமா?” என்றார்.

முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை, பாருங்கள்!

அடுத்த வருடம் அவர் சொன்னதையே செய்தோம். பையன் ஒரே ஒரு ஏ4 தாளில் இருபத்துநாலு கட்டம் போட்டான். எல்லாவற்றிலும் சியான் 100 சதவீதம். மெஜந்தா மட்டும் கட்டத்துக்குக் கட்டம் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அதன் எண்ணிக்கை. மலருக்கு வாங்கிய அதே அட்டையில் ஒரு தாள் அடித்துப் பார்க்கச் சில ரூபாய்தான் செலவு. மெஜந்தா 100 இருந்த கட்டத்தில் அதே கத்தரிப்பூ! குறையக் குறைய நீலம் தலைகாட்டியது.

அந்தத் தாளை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய், வாசல் வெளிச்சத்தில் அப்பாவின் நூலோடு வைத்துப் பார்த்தான். பட்டுக் கடையில் அம்மா சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அதே காரணம்தான். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம், பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியலாம். மெஜந்தா 60 இருந்த கட்டம் நூலோடு ஒத்துப்போனது. அந்த எண்ணையே அச்சகத்தில் எழுதிக் கொடுத்தோம். சோதித்த மெஷின் வேறு, மலர் அடிக்கும் மெஷின் வேறு என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று அவர்கள் சொல்லியும்விட்டார்கள்.

நீங்கள் செய்வதானால் இன்னும் சுலபம். கிருதா, ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள்கள் இலவசம். இரண்டிலும் அச்சு மையின் நாலு நிறக் கணக்கிலேயே வேலை செய்யலாம். எந்த அமைப்பில் வேண்டும் என்று அச்சகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். படம், அச்சாகும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கட்டும். வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். காசு ரொம்பக் குறைவா? கறுப்பும் இன்னொரு நிறமும் மட்டும் போதும் என்று வையுங்கள். நாலு பிளேட் இரண்டாகிவிடும். ஐம்பது பிரதிதான் என்றால் பிளேட்டே வேண்டாம், டிஜிட்டல் அச்சு மலிவு.

மலர் வந்தது. திரையில் பார்த்த ஜொலிப்பு இல்லை. ஆனால் சேலை நீலமாக இருந்தது, எழுத்தும் பளிச்சென்று இருந்தது. பையன் தன் பிரதியைப் பைக்குள் வைத்துவிட்டு, “டீச்சர், வீட்டுக்கு இன்னொன்று கிடைக்குமா?” என்று கேட்டான்.