ஊருக்கொரு படி, ஆளுக்கொரு எழுத்து

வணிகப் பெருமக்களே! ஊருக்கொரு படி வைத்து அளந்த காலத்தில் நம் முன்னோர் பட்ட பாடு நாம் அறிந்ததே. கணினித் தமிழும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வோர் இணையப் பக்கத்துக்கும் ஓர் எழுத்துரு. நான் அனுப்பிய பருப்பு விலைப்பட்டியல் இராமநாதபுரம் கடைக்காரர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிய, அவர் பழைய விலைக்கே பணம் கட்டினார். மூட்டைக்கு மூட்டை நஷ்டம் எனக்கு!

இதைத் தீர்க்கவே வல்லுநர்கள் 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் மாநாடு கூட்டினர். தமிழ்99 விசைப்பலகை சென்னையில் பிறந்ததுதான். 2000இல் 'உத்தமம்' என்று, நம்மைப் போலவே, சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். ஆனால் எழுத்துக் குறியீட்டில் டாம், டாப் என இரண்டுக்கு இடம் கொடுத்தது எனக்குச் சம்மதமில்லை. ஒரே கடையில் இரண்டு படியா? யூனிகோடு பரவிய பிறகே தகராறு ஓய்ந்தது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது. இன்று என் பட்டியல் கொழும்பிலும் எழுத்து மாறாமல் திறக்கிறது.